மச்சான் கட்டிவிட்ட வாட்ச்

என்னைப் பார்த்து மணி கேட்டீங்களே தம்பி, இந்த பஸ்ஸுல உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா? இந்தா, கையைப் பாருங்க. மணிக்கட்டுல வெளுப்பா ஒரு கோடு தெரியுதா? வாட்ச் இருந்த இடம். கல்யாணம் ஆனதுலேர்ந்து வெயில் படாத தோலு அது. இப்ப வாட்ச் இல்லை. ஏன் இல்லைன்னு கேளுங்க. கேக்கலைன்னாலும் சொல்லுவேன். பெரம்பலூர் வர்ற வரைக்கும் எனக்கும் வேற வேலை இல்லை, உங்களுக்கும் இல்லை. அந்தப் பையை மடியில வெச்சுக்கிட்டு நல்லா சாஞ்சு உக்காருங்க.

என் பேரு அர்ச்சுனன். துறையூர்ல கல்யாண மண்டபத்துல மேனேஜர். மண்டபத்து அர்ச்சுனன் வீடு எதுன்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுல டீ ஆத்துறவன்கூட வழி சொல்லுவான். மேனேஜர்னா சாவிக்கொத்தை இடுப்புல சொருகிக்கிட்டு நாற்காலி எண்ணுறவன்னு நினைச்சுடாதீங்க. ஒரு கல்யாணம்னா அதுல எத்தனை சண்டை வருது தெரியுமா? மாலையை யார் எடுத்துக் கொடுக்கறது, சம்பந்தியை யார் வாசல்ல நின்னு கூப்பிடறது, முதல் பந்தியில யாரு உக்காரறதுன்னு ரெண்டு வீட்டு ஆளுங்களும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. அப்ப என்னைத்தான் கூப்பிடுவாங்க. நான் நடுவுல போய் நின்னு, இதுதாங்க முறைன்னு சொல்லுவேன். அடங்கிடுவாங்க. சில சமயம் அந்த முறை எனக்கே அந்த நிமிஷந்தான் தோணும். அதனால என்ன? சொல்ற விதத்துல சொன்னா அதுதான் முறை. முறை தெரிஞ்ச ஆளுங்க இந்தக் காலத்துல எத்தனை பேர் இருக்காங்க, சொல்லுங்க.

அப்படி முறைக்கே முறை சொல்ற ஆளை, என் மச்சான் வீட்டுக் கல்யாணத்துல மேடை மேல வெச்சு அசிங்கப்படுத்தி அனுப்பிட்டாங்க. அசிங்கப்படுத்தினது அவன்கூட இல்லை. என் சம்சாரம். பேரு பூங்கோதை. இப்ப அவ அண்ணன் வீட்டுல உக்காந்துக்கிட்டு வரமாட்டேங்கறா. நான் அவளைக் கூப்பிடப் போறேன்னு நினைச்சுடாதீங்க. வாட்ச் அவகிட்ட இருக்கு. என் வாட்சை நான் வாங்கப் போறேன். அவ்வளவுதான்.

ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். எங்க பக்கத்துல ஒரு வழக்கம் இருக்கு. தாலி கட்டி முடிஞ்சதும் பொண்ணோட அண்ணனோ தம்பியோ மேடைக்கு வந்து மாப்பிள்ளை கையில ஒரு வாட்ச் கட்டணும். மோதிரம் போடறவங்களும் உண்டு, எங்கள்ல வாட்ச். என் கல்யாணத்துல பூங்கோதையோட அண்ணன் கலியபெருமாள் கட்டினான். வெள்ளை டயலு, கருப்புத் தோல் பட்டை. போட்டோவுல இன்னிக்கும் பார்க்கலாம், நான் கையை நீட்டிக்கிட்டு கம்பீரமா நிக்கறேன், அவன் குனிஞ்சு கொக்கியை மாட்டறான். அன்னிலேர்ந்து அந்த வாட்சைக் கட்டாம நான் வாசப்படி தாண்டினதில்லை. முகூர்த்த நேரம் பார்த்துச் சொல்றவன் நான், என் கையில வாட்ச் இல்லாம எப்படி? செல்போன்ல பார்க்கலாமேங்கறீங்க. தாலி எடுத்துக் கொடுக்கற நேரத்துல பையில கையை விட்டு செல்போனைத் துழாவிக்கிட்டு நின்னா எவன் மதிப்பான்?

போன மாசியில ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். பந்தி நடக்குது. சம்பந்தி இலைக்கு வடை வரலைன்னு நான் கையை ஓங்கி பரிமாறுறவனைக் கூப்பிட்டேன். பட்டை படக்குன்னு அறுந்துச்சு. வாட்ச் பறந்து போய் அந்த சம்பந்தி இலையிலயே விழுந்துச்சு, சரியா கூட்டு மேல. அவரு நிதானமா அதை எடுத்துப் பார்த்துட்டு, மேனேஜர் சார், இது உங்க மண்டபத்து அயிட்டமா, எங்க சமையல்காரர் போட்டதான்னு கேட்டாரு. பந்தியே சிரிச்சுது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் மண்டபத்துல, என் பந்தியில.

வீட்டுக்கு வந்து நானே ஒட்டிடலாம்னு உக்காந்தேன். ட்யூப்ல வருமே ஒரு பசை, அதை வாங்கிட்டு வந்தேன். அறுந்த ரெண்டு முனையையும் சேர்த்து வெச்சுப் பிடிச்சா ஒட்டிக்கும்னு அட்டையில எழுதியிருந்துச்சு. ஒட்டுச்சு. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டையும் மூணும் ஒண்ணா ஒட்டுச்சு. பட்டையோட சேர்த்துப் பிடிக்கும்போது இவ குறுக்க வந்து காபி வேணுமான்னு கேட்டா. அதுலதான் கவனம் சிதறிப்போச்சு. அப்புறம் வெந்நீர்ல உப்புப் போட்டு ஒரு கிண்ணத்துல கொண்டாந்து வெச்சா. விரலை அதுல ஊறவெச்சுக்கிட்டு உக்காந்தேன். மறுநாள் நூல் போட்டுச் சுத்திப் பார்த்தேன், மண்டபத்துக்குப் போறதுக்குள்ள அவுந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் பட்டையைக் கழட்டிப் பார்ப்போம்னு கத்தி முனையால நெம்பினேன். அந்தப் பட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சின்னக் கம்பி இருக்கும் பாருங்க, ஸ்பிரிங் வெச்சது, அது துள்ளிப் போய் இவ அரிசி புடைச்சுக்கிட்டு இருந்த முறத்துல விழுந்துச்சு. அரிசியை முழுக்க தாம்பாளத்துல கொட்டித் தேடினா. நான் கத்திக்கிட்டே இருந்தேன், அவ தேடிக்கிட்டே இருந்தா. எடுத்துக் கொடுத்தாதான், இல்லைங்கலை. ஆனா வாட்ச் ரிப்பேர் நடக்கற இடத்துல யாராவது அரிசி புடைப்பாங்களா?

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. நான் ஏன் இதைப் பண்ணிக்கிட்டு இருக்கேன்? கட்டினது யாரு? கலியபெருமாள். கட்டினவன் கட்டினது அறுந்துபோச்சுன்னா, அவன்தானே வந்து சரிபண்ணிக் கட்டணும்? அதானே முறை? இவகிட்ட சொன்னேன். மண்டபத்துக்கு எதிர்லயே வாட்ச் கடை இருக்கே, பட்டை மாத்தித் தருவாங்களேங்கன்னா. காசுக்காகவா தம்பி நான் சொல்றேன்? பட்டை கடையில கொத்துக் கொத்தாத் தொங்குது. நாய்க்குக்கூட வாங்கிக் கட்டலாம். இது அந்தக் கணக்கு இல்லை. சரி, அண்ணன்கிட்ட போன்ல சொல்றேன்னா. அதுவும் கூடாதுன்னுட்டேன். சொல்லி வந்தா அது மரியாதையா? அவனுக்கா தோணணும். அவனுக்கா எப்படிங்க தோணும், இங்க பட்டை அறுந்தது அங்க எப்படித் தெரியும்னு கேட்டா பாருங்க. இந்த மாதிரி எதிர்க்கேள்விதான் அவகிட்ட எனக்குப் பிடிக்காதது.

தெரியறதுக்கு ஒரு நாளும் வந்துச்சு. கலியபெருமாள் பொண்ணு வளர்மதிக்குக் கல்யாணம். அவனும் அவன் சம்சாரமும் தட்டு வெச்சு, வெத்தலை பாக்கு, பழம், பத்திரிகையோட வந்தாங்க. நான் வேணும்னே அரைக்கைச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்தேன். பத்திரிகையை இடது கையைச் சேர்த்து நீட்டி வாங்கினேன். காபி குடிக்கும்போது அவன் மூஞ்சிக்கு நேரா மணிக்கட்டைச் சொறிஞ்சுக்கிட்டேன். மணி என்ன இருக்கும்னு ரெண்டு தடவை கேட்டேன். அவன் சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான் தம்பி. சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்து. தான் கட்டிவிட்ட வாட்ச் கையில இல்லை, வெறுங்கையா உக்காந்திருக்கான் மாப்பிள்ளைன்னு அந்த மனுஷன் கண்ணுல படலை. கண்ணு இருக்கு, எதிர்லயே உக்காந்திருக்கான், பார்க்கத் தெரியலை. அப்படியும் ஆளுங்க இருக்காங்க பாருங்க.

அவங்க கிளம்பிப் போனதும் நான் சொல்லிட்டேன். பட்டை வராம நான் அந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டேன், நீயும் போகக்கூடாதுன்னு. வளர்மதிக்கு இவ ஒருத்திதான் அத்தை. அந்தப் பொண்ணு பொறந்தப்ப அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு இவதான் போயி இருந்து தூக்கி வளர்த்தா. அத்தை இல்லாம மணமேடையில அந்தப் பொண்ணு எப்படிங்க உக்காரும்னு ஒரு தடவை கேட்டா. பட்டையை அனுப்பிட்டு உக்காரச் சொல்லுன்னேன். அதுக்கப்புறம் அவ அதைப் பத்திப் பேசலை. அழலை, சண்டை போடலை. நான் ஜெயிச்சுட்டேன்னுதான் நினைச்சேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு நாள் மண்டபத்துலேர்ந்து வர்றேன், மேஜை மேல வாட்ச் இருக்கு. பட்டையோட. புதுசு. பழுப்பு நிறம், கெட்டித் தோலு, ஓரம் முழுக்க வெள்ளை நூல்ல தையல். நம்ம பழைய கொக்கியையே அதுல மாட்டியிருக்கு. என்னடின்னேன். அண்ணன் எங்கயோ தைக்கச் சொல்லி வாங்கி, பஸ் கண்டக்டர்கிட்ட கொடுத்தனுப்பியிருக்காங்க, நான்தான் வாட்சுல கோத்தேன்னா. எப்படித் தெரிஞ்சுதாம்னு கேட்டேன். அன்னிக்கு வந்தப்பவே உங்க கையைப் பார்த்தாங்களாம், உங்க முன்னாடி கேக்கறது மரியாதை இல்லைன்னு இருந்துட்டாங்களாம்னா.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா தம்பி? நெஞ்சு குளுந்துபோச்சு. கலியபெருமாளைத் தப்பா நினைச்சுட்டோமேன்னு இருந்துச்சு. கையை நீட்டினேன், இவதான் கட்டிவிட்டா. தோலு மெத்து மெத்துன்னு இருந்துச்சு, லேசா விளக்கெண்ணெய் வாசனை. உசந்த தோலுக்கு அப்படி ஒரு வாசனை இருக்கும்னு மண்டபத்துல எல்லார்கிட்டயும் சொன்னேன். சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர் ஒருத்தர் பாக்கி இல்லாம கையைக் காமிச்சேன். மச்சான்னா இப்படி இருக்கணும், சொல்லாமயே செய்யறான் பாருன்னு சொன்னேன்.

கல்யாணத்துக்கும் போனோம். பெரம்பலூர்லயே ஒரு மண்டபம். உள்ளதைச் சொல்லணும்னா நிர்வாகம் சுமார்தான், இலை போடறதுக்கு முன்னாடி தண்ணி தெளிக்கறான். அதை விடுங்க. தாலி கட்டி முடிஞ்சுது. கலியபெருமாள் பையன் புது மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டப் போறான். எனக்கு இருப்புக் கொள்ளலை. மேடைக்கு ஏறிப் போய் மைக்கை வாங்கினேன். நம்ம தொழிலாச்சே. புது மாப்பிள்ளைகிட்ட சொன்னேன், தம்பி, இந்த வீட்டுல வாட்ச் மட்டும் கட்டமாட்டாங்க, பட்டை அறுந்தா கேக்காமயே பட்டையும் வரும், இங்க பாருங்கன்னு கையைத் தூக்கிக் காமிச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க. கலியபெருமாள் மட்டும் முழிச்சுக்கிட்டு நின்னான். நான் அவன் தோள்ல கையைப் போட்டு மைக்கை அவன் வாய்கிட்ட கொண்டுபோனேன். சொல்லு மச்சான், எங்க தைச்சேன்னு. அவன் ஒரு வெகுளி. பொய் சொல்ல வராது அந்த ஆளுக்கு. மைக்குலயே சொல்லிட்டான்.

"நான் எந்தப் பட்டையும் கொடுத்தனுப்பலையே மாப்பிள்ளை."

மண்டபம் முழுக்கக் கேட்டுச்சு. ஸ்பீக்கர் மட்டும் அந்த மண்டபத்துல நல்லா வேலை செய்யுது.

நான் இவளைப் பார்த்தேன். பொண்ணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தா, அத்தை முறைக்கு. இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டேன். மைக் கையிலதான் இருக்கு, அது எனக்கு ஞாபகம் இல்லை. நான்தான் தைச்சேன்னா. தோலு ஏதுன்னேன். அப்ப அவ சொன்ன பதில் இருக்கே. இன்னொருத்தியா இருந்தா கடையில வாங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லிச் சமாளிச்சிருப்பா.

"என் செருப்பை அறுத்துத் தைச்சேன்."

செருப்பு தம்பி. கால்ல போடற செருப்பு. என் கையில. முகூர்த்த நேரம் பார்க்கற கையில. அதைக் கட்டிக்கிட்டுத்தான் நான் எத்தனை வீட்டுத் தாலித் தட்டைத் தொட்டிருக்கேன், எத்தனை பேருக்கு அட்சதை எடுத்துக் கொடுத்திருக்கேன். மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒருத்தன் பின்னாலேர்ந்து சிரிச்சான். ஒருத்தன் சிரிச்சா போதாதா, நாற்காலி நாற்காலியாப் போய் சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் போச்சு சிரிப்பு. நான் வாட்சைப் பிடுங்கி அவ காலடியில எறிஞ்சேன். உன் செருப்பை நீயே வெச்சுக்கன்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன், அதெல்லாம் இங்க எதுக்கு, பக்கத்துல பொம்பளைங்க உக்காந்திருக்காங்க.

அவ குனிஞ்சு வாட்சை எடுத்தா. முந்தானையில தொடைச்சா. கண்ணாடியில கீறல் விழுந்திருக்கான்னு பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னா, மைக் இல்லாமத்தான் சொன்னா, ஆனா அந்த அமைதியில கேட்டுச்சு. அண்ணன் முன்னாடி உங்க வெறுங்கையை ஆட்டி ஆட்டிக் காமிச்சீங்க, அது அவர் கண்ணுல படலைன்னு உங்களுக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு. பங்குனி வெயில்ல இருந்து நான் வெறுங்காலோட நடக்கறேன், உங்க கண்ணுல பட்டுச்சாங்கன்னு கேட்டா. நான் வரலை, நீங்க போங்கன்னா.

கேளுங்க நியாயத்தை. கையும் காலும் ஒண்ணா? கை மேல இருக்கு, பார்த்தாத் தெரியும். கால் புடவைக்குள்ள இருக்கு. நான் என்ன அவ காலையா பார்த்துக்கிட்டுத் திரியறேன்? செருப்பு இல்லைன்னா இல்லைன்னு வாயைத் திறந்து சொல்லணும். அவளாச் சொல்லாம எனக்கா எப்படித் தெரியும்? ஒரு நாள் கோயிலுக்குப் போறோம், இவ பின்னால வர்றா, நிழலைப் பார்த்துப் பார்த்து மரத்து ஓரமா, சுவர் ஓரமா நின்னு நின்னு வர்றா. நடை சாத்திடுவாங்க, ஆடி அசைஞ்சு வர்றியேன்னு திட்டினேன். தார் ரோடு சுடுதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல? சொல்லலை. சிரிச்சுக்கிட்டே வர்றேங்கன்னா. அப்படி மறைச்சா எவனுக்குத் தெரியும்?

வீட்டுக்கு நான் தனியா வந்தேன். வந்த வேகத்துல அடுப்படியைத் தேடினேன், எப்படித்தான் பண்ணியிருக்கான்னு பார்ப்போம்னு. மிளகாத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி ஒரு பழைய துணிப்பை. அதுல எல்லாம் இருந்துச்சு. கோணி தைக்கற ஊசி ஒண்ணு. மெழுகு தேய்ச்ச நூல்கண்டு. விளக்கெண்ணெய்க் கிண்ணம். ஊறவெச்சு இளக்கியிருக்கா. ஒரு ஆணி, முனை கருகிப்போய். அடுப்புல காய்ச்சி அதாலதான் ஓட்டை போட்டிருக்கா, கொக்கி நுழையறதுக்கு. என் பழைய பட்டையும் இருந்துச்சு, காகிதத்துல வெச்சு அளவு வரைஞ்சிருக்கா, ஓட்டைக்கு ஓட்டை புள்ளி வெச்சு. நான் எந்த ஓட்டையில மாட்டுவேனோ அதுக்கு மட்டும் ஒரு வட்டம். ஒரே தடவையில வந்துடலை போல. தப்பா வெட்டினது, தையல் கோணினது, ஓட்டை கிழிஞ்சதுன்னு தோல் துண்டுங்க கிடந்துச்சு. ரெண்டு செருப்பையுமே அறுத்திருக்கா தம்பி. ஒண்ணுல வரலைன்னு ரெண்டாவதையும்.

இதுல இன்னொரு வயித்தெரிச்சலைச் சொல்றேன். அந்தச் செருப்பு யார் வாங்கிக் கொடுத்ததுன்னு நினைக்கறீங்க? கலியபெருமாள்தான். பொங்கல் சீர் கொண்டுவந்தப்ப அதோட வெச்சுக் கொடுத்தான். தங்கச்சி குதிகாலை ஊனி நடக்க முடியாம நடக்குது, ரப்பர் செருப்பு போட்டா வெடிப்பு அதிகமாகும், தோல் செருப்புதான் நல்லதுன்னு தேடி வாங்கினானாம். என் வெறுங்கை அவன் கண்ணுல படலை, தங்கச்சி குதிகால் வெடிப்பு மட்டும் படுது. என்ன பார்வையோ அவனுக்கு.

அப்புறம் என்ன? இருந்தேன். பொறந்த வீட்டுக்குப் போன பொண்ணை அண்ணன்தான் கொண்டுவந்து விடணும், அதானே முறை? ஒருத்தனும் வரலை. ஓசூர்ல வேலை பார்க்கற எங்க பையன் போன் பண்ணி, அப்பா, நீங்க போயி அம்மாவைக் கூப்பிட்டுட்டு வாங்கங்கறான். அவனுக்கு முறை என்ன தெரியும்? மண்டபத்துல சாப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை. விசேஷம் இல்லாத நாள்ல ஓட்டல். துணி கிடக்கு குவியலா. அதெல்லாம் ஒரு பிரச்சினை இல்லை. சாயங்காலம் வீட்டைத் திறந்தா ஒரு சத்தம் இருக்காது பாருங்க, யாரைத் திட்டறதுன்னு தெரியாது. அதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு.

இன்னிக்குக் காலையில முடிவு பண்ணினேன். இதை நேர் பண்ணிடணும். நீ என் கையில கட்டினது உன் செருப்பு. சரி. இந்தா உனக்குப் புதுச் செருப்பு, தூக்கி எறியறேன், எடுத்துக்க. என் வாட்சைக் கொடு. தீர்ந்துச்சா இல்லையா? நேராச் செருப்புக் கடைக்குப் போனேன். பொம்பளைங்களுக்கு, தோலு, நல்லதா எடுன்னேன். கடைக்காரன் வரிசையா எடுத்து வெச்சான். இது கொடுன்னு ஒண்ணைக் காமிச்சேன், பழுப்புல, குதிகாலுக்கு மெத்தை வெச்சது. அவன் என்னைப் பார்த்து, என்ன சைஸ் சார்ங்கறான்.

என்ன சைஸ்னா? எனக்கு எப்படித் தெரியும்? பொம்பளை கால் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான் இருக்கும், கொடுய்யான்னேன். அஞ்சா, ஆறா, ஏழா, எட்டாங்கறான். யாருக்கு சார்னு கேட்டான். சம்சாரத்துக்குன்னேன். ரொம்ப நாளா சார்னு கேட்டான். என்ன ரொம்ப நாளான்னேன். கல்யாணமாகின்னான். சிரிக்கலை, சும்மாதான் கேட்டான். ஆனா கேக்கலாமா? கடைக்கு வந்த ஆளை அப்படிக் கேக்கலாமா? பழைய செருப்பு இருந்தா கொண்டாங்க சார், அளந்துக்கலாம்னான். பழைய செருப்பு துண்டு துண்டா டப்பாவுக்குப் பின்னாடி கிடக்கு, அதை எங்கேர்ந்து அளக்கறது? உன் கடையும் வேண்டாம் உன் செருப்பும் வேண்டாம்னு கத்திட்டு வெளியில வந்து இந்த பஸ்ஸுல ஏறிட்டேன்.

மணி கேட்டதுக்கு இவ்வளவு கேட்டுட்டீங்க. நீங்க பொறுமைசாலி. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆகலையா. ஆகும்போது ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, வாட்ச் கட்ட விடாதீங்க. மோதிரம் போதும்னு சொல்லிடுங்க.

ஒரு உதவி பண்ணுங்க தம்பி. உங்க போன்லேர்ந்து ஒரு நம்பருக்குப் போடுங்க. என் நம்பரைப் பார்த்தா எடுக்கமாட்டா. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட செருப்புக் கடை இருக்கு, அங்க வாங்கிடுவேன், அளவு மட்டும் தெரியணும். செருப்புக் கம்பெனியிலேர்ந்து பேசறோம், கணக்கெடுக்கறோம்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லாதீங்க. நம்பர் சொல்றேன், போடுங்க. ம், அதேதான். போட்டாச்சா? மணி அடிக்குதா?

எடுத்துட்டாளா? கேளுங்க, கேளுங்க. அம்மா வணக்கம்னு ஆரம்பிங்க. குரலைக் கொஞ்சம் தடிப்பா வெச்சுக்கங்க. செருப்புக் கம்பெனின்னு சொல்லுங்க தம்பி, அதை முதல்ல சொல்லுங்க. வலது காலா இடது காலாங்கறாளா? ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுங்க. நான் மெதுவாத்தானே பேசறேன், அவளுக்கு எங்க கேக்கப் போகுது.

என்ன சொல்றா? ஏன் என்னைப் பார்க்கறீங்க? என்ன சொன்னா, சொல்லுங்க.

பக்கத்துல உக்காந்துக்கிட்டு கத்தறவரையே கேக்கச் சொல்லுங்கன்னாளா? பார்த்தீங்களா திமிரை? பார்த்தீங்களா? இதுக்குத்தான் நான் சொன்னேன். வைங்க, வைங்க போனை. வேண்டாம்.

வெச்சுடாதீங்க. இருக்காளா லைன்ல? இப்படிக் கொடுங்க.

அலோ. நான்தான். பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கேன். சாப்பிட்டேன், சாப்பிட்டேன், அதெல்லாம் இப்ப எதுக்கு? உன்னைக் கூப்பிட வரலை, புரியுதா? வாட்ச் வாங்க வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு.

உன் கால் அளவு என்ன?

கால் அளவுதானே கேட்டேன். இருக்கியா? என்னது? பஸ்ஸு இரையுது பூங்கோதை, கேக்கலை. இன்னொரு தடவை சொல்லு.